ரெண்டும் ஒண்ணும்

மார்ச் 3

வாத்துக்கு,

'அன்புள்ள' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு நீ போனில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது, அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்று தாளையும் மாற்றவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனை எடுத்தால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். பத்து நாளில் நாலு தடவை இதே கூத்து. தாளில் எழுதினால் நீ குறுக்கே பாய முடியாது. இங்கே நடந்ததை நான் சொல்லி முடிக்க நீ இன்னும் ஒரு தடவைகூட விடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படி.

பிப்ரவரி 19, காலை ஏழரை. அப்பாவுக்கு வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை, நான் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிற அதே எண்டோஸ்கோபி அறையில். சொந்தக்காரர் என்றால் நாங்கள் உள்ளே நிற்கக் கூடாது, அது விதி. என் இடத்தில் என் தோழி நின்றாள். நான் வராண்டா பெஞ்சில், கதவுக்கு இந்தப் பக்கம். டாக்டர் வழக்கம்போல "ரெண்டு, ஒண்ணு" என்றார். தூக்கத்துக்கு மிடாசோலம் ரெண்டு மில்லி, வலிக்கு ஃபென்டனில் ஒரு மில்லி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் வருகிற கணக்கு அது ஒன்றுதான். 'ரெண்டும் ஒண்ணும்' என்றுதான் அவருக்கே நாங்கள் பேர் வைத்திருக்கிறோம்.

குழாய் உள்ளே போனது. இரைப்பையின் கீழ்ப்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு புண். அதிலிருந்து துணுக்கு சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிள்ளுகிற இடுக்கியை அவர் கேட்கும்போதே விரல் கிளிப்பின் சத்தம் மாறிவிட்டது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தம் தடித்துக்கொண்டே போகும். வெளியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து கதவில் கை வைத்துக்கொண்டு எண்ணினேன். தொண்ணூறு வரை எண்ணினேன். அதற்குள் குழாயை உருவி, பையை அமுக்கி மூச்சுக் கொடுத்து, முறிவு மருந்து போட்டு அவரை எழுப்பிவிட்டார்கள். மதியம் வார்டில் மறுபடி அப்படியே தூங்கிப் போனார். இரண்டாம் முறையும் முறிவு மருந்து போட்டோம்.

உன் புகார் கண்காணிப்பாளர் மேஜைக்கு வந்துவிட்டது. டைப் அடித்து மூன்று பக்கம். மயக்க மருந்து டாக்டரான நீ எழுதியது என்றால் சும்மாவா. அது இருக்கட்டும். எனக்கு முக்கியம் வேறு. துணுக்கு எடுக்கவில்லை. அது வெறும் புண்ணா, மற்றதா என்று நம் யாருக்கும் தெரியாது. மற்றதன் பேரை நான் எழுத மாட்டேன். மறுபடி குழாய் விட்டே ஆக வேண்டும், சீக்கிரம்.

அவர் வர மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிறார். நான் விடப்போவதில்லை. உன்னால் முடிந்தால் உதவி செய், முடியாவிட்டால் குறுக்கே நிற்காதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

குறுக்கே பாயாமல் படித்தேன். இப்போது என் முறை.

நான் ஒரு நாளைக்கு எட்டுப் பேரை மயங்க வைத்து எட்டுப் பேரையும் எழுப்புகிறவள். என்னிடம் போய் முறிவு மருந்து போட்டு எழுப்பினோம் என்று ஏதோ சாதனை மாதிரி எழுதுகிறாய். எழுப்ப வேண்டிய நிலைக்கு ஏன் போனது? அப்பாவுக்கு வயசு எழுபத்தொன்று. எடை என்ன என்று யாராவது பார்த்தார்களா? கல்லூரிக்குப் போகிற பையனுக்கும் ரெண்டு ஒண்ணு, முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி முதுகு வளைந்த மனுஷருக்கும் ரெண்டு ஒண்ணு. உன் டாக்டர் என்ன காய்கறிக் கடையிலா நிற்கிறார்? மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்களா? ரெண்டு மருந்தையும் அடுத்தடுத்து ஏற்றினார்களா, நடுவில் நிறுத்திப் பார்த்தார்களா? எல்லாரும் டிவியில் இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தது யார்?

'என் அறை, என் அறை' என்கிறாய். உன் பேரில் எழுதி வைத்திருக்கிறார்களா அதை? அந்த அறையை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் உனக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. சின்ன வயசில் உன் பென்சில் பெட்டியை நான் தொட்டபோது வந்த அதே கோபம்.

அப்பாவை இங்கே அனுப்பு. என் ஆஸ்பத்திரியில், என் கண் முன்னால் செய்யலாம். இரண்டு நாள் பயணம்தான், நானே வந்து கூட்டிப்போகிறேன்.

இன்னொன்று. அன்று காலை அப்பா ஏதாவது சாப்பிட்டாரா? மாத்திரை, கீத்திரை? உன் டாக்டர் கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 15

வாத்துக்கு,

பென்சில் பெட்டியை நீ தொடவில்லை, உடைத்தாய்.

உன் கேள்விகளுக்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்கிறேன். எடை பார்க்கவில்லை. ஆக்ஸிஜன் வைக்கவில்லை, இறங்கினால் வைப்போம் என்பதுதான் எங்கள் பழக்கம். ரெண்டும் அடுத்தடுத்துத்தான் ஏறியது. நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. என் தோழி ஒரு கையால், குழாயைக் கடிக்காமலிருக்க வாயில் வைக்கிற வளையத்தையும் மறு கையால் தலையையும் பிடித்திருந்தாள், மூன்றாவது கை அவளுக்கு இல்லை. எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் 'ரெண்டும் ஒண்ணும்' ஏற்றியிருப்பேன். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையே ஒரு முறையாக நினைத்துவிட்டோம்.

நீ சும்மா கேட்டதற்கும் பதில். வெறும் வயிற்றோடுதான் வந்தார். டாக்டர் கேட்கவில்லை.

உன் மூன்று பக்கம் செய்த வேலையையும் கேட்டுக்கொள். விசாரணை முடியும்வரை எங்கள் அறையில் எந்தத் தூக்க மருந்தும் போடக் கூடாது என்று உத்தரவு. இப்போது எல்லாருக்கும் தொண்டை மரக்கிற ஸ்ப்ரே மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரப் பெண் வந்தாள். குழாய் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள் பார், நாலு நகமும் பதிந்துவிட்டது. முடிந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் என்னிடம் கேட்கிறாள்! இந்த வாரம் மட்டும் நாலு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அதில் யாருக்கு என்ன இருந்ததோ.

அப்பாவுக்கு ஸ்ப்ரே மட்டும் போதாது என்று உனக்கே தெரியும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஸ்ப்ரே மட்டும் போட்டுக் குழாய் விட்டபோது வளையத்தைத் துப்பிவிட்டு டாக்டரின் விரலைக் கடித்தவர் அவர்.

உன் ஊருக்கு அனுப்பலாம் என்று நானும் இறங்கி வந்து கேட்டேன். பழைய டிரைவர் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா. இனி ட்ரிப் கிடையாது."

"வாத்து இருக்காப்பா அங்க. பயப்படவே வேணாம்."

"அங்க போனாலும் கேள்வி கேப்பாங்கல்ல?"

"என்ன கேள்வி?"

ரேடியோ அலற ஆரம்பித்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, பஸ்ஸில் பிள்ளைகள் என்ன அடிதடி செய்தாலும் எந்தப் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லாதவர். 'பஸ்ல நடந்தது பஸ்ஸோட' என்று நம் வாயையும் அடைத்துவிடுவார். அவரிடம் வார்த்தை பிடுங்குவது பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம். நேற்றுப் பார்த்தேன், பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறார். போன மாதம் போட்ட ஓட்டைக்கும் உள்ளே.

டாக்டரிடம் பேசினேன். "உங்க தங்கச்சி அவங்க முறைய எழுதித் தரட்டுமே, படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றார். கிண்டல்தான். கிண்டலை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். எழுதி அனுப்பு. ஒரே மருந்து போதுமா, ரெண்டும் சேர்க்கலாமா, எவ்வளவு, எப்போது. நான் அதை நடத்திக் காட்டுகிறேன். அப்பா இதே அறையில்தான் மறுபடி படுப்பார்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நான் அடிக்கவில்லை, கவனி.

முறையைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சுருக்கம் இதுதான். ரெண்டு மருந்தைச் சேர்ப்பது தப்பே இல்லை. சொல்லப்போனால் நல்லது. ஒன்று பயத்தை அடக்கும், மற்றது வலியையும் குமட்டலையும் அடக்கும். சேரும்போது ரெண்டிலும் கொஞ்சம் போதும். ஆனால் மூச்சு விஷயத்தில் ஒன்றும் ஒன்றும் ரெண்டாக நிற்காது, அஞ்சாகிவிடும். அதனால் சேர்க்கிறவர்கள் குறைத்தே ஆக வேண்டும், வயசானவர்களுக்கு இன்னும் குறைத்து. முதலில் ஃபென்டனில், பாதி மட்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் நில். பிறகு மிடாசோலம் அரை மில்லி. மறுபடி நில். 'போதுமா' என்று கேட்டால் அவர் கண் திறந்து பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம். மூக்கில் ஆக்ஸிஜன் முதலிலிருந்தே. ஓர் ஆள் மூச்சை மட்டும் பார்க்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கிளிப் கத்துவதற்கு ரொம்ப முன்னாலேயே நெஞ்சு ஏறி இறங்குவது நின்றிருக்கும்.

இதை எழுத அரை மணி நேரம். அடுத்த வரியை எழுத மூன்று நாள் ஆனது.

போன வருஷம் வந்திருந்தபோது அப்பாவிடம் ஒரு மாத்திரை அட்டை கொடுத்துவிட்டு வந்தேன். படபடப்புக்குப் போடுவது. அம்மா போனதிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு போன் செய்தார். "வாத்து, பயமா இருக்குடா" என்றார். அக்கா, அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்தியவர் அவர். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "காலைல எழுந்ததும் அந்த மாத்திரைல ஒண்ணு போட்டுக்கங்கப்பா, சொட்டு தண்ணியோட. அக்காகிட்ட சொல்லாதீங்க, திட்டுவா" என்றேன்.

என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் நான் கேட்கிற முதல் கேள்வியே 'இன்னிக்கு என்ன மருந்து எடுத்தீங்க' என்பதுதான். சொந்த அப்பாவுக்கு அதை மறைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

மதியம் மறுபடி தூங்கினார் என்று முதல் போனிலேயே நீ சொன்னாயே, அப்போதே எனக்குத் தெரியும். ரெண்டு மில்லி மிடாசோலம் அவ்வளவு நேரம் நிற்காது. உள்ளே வேறொன்று இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தை எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் 'அவர்கள் தப்பு, அவர்கள் தப்பு' என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

வாத்து


மார்ச் 26

அடி வாத்து,

உன் கடிதத்தை மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு படித்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் குதித்திருக்க வேண்டும். ஒரு மாதமாக என்னைக் காய்ச்சி எடுத்தவள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நானும் கொடுத்தேன்டி.

அன்று காலை ஆறு மணி. ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தார். மூன்று தடவை கட்டி மூன்று தடவையும் அவிழ்ந்தது. என்னிடம் தூக்க மாத்திரை இருக்கிறது, அம்மாவுக்குப் பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது, உன்னிடம் சொல்லவில்லை. பாதியாக ஒடித்துக் கொடுத்தேன். "இத போட்டுக்கங்கப்பா, பாதிதான். வாத்துக்குத் தெரிய வேணாம், லெக்சர் அடிப்பா." வாங்கினார். உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு விழுங்கினார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று இப்போதுதான் புரிகிறது. உன்னுடையது ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

நீ கேட்டபோது வெறும் வயிறு என்று எழுதினேனே, அதை எழுதும்போது பேனா எழுதவில்லை என்று உதறிப் பார்த்தேன். பேனா நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்குக் காலைல எத்தன மாத்திர போட்டீங்க?"

ரேடியோவுக்குக் கை போனது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரு சொன்னது?"

"வாத்து எழுதிட்டா, அவ கொடுத்தத. நான் கொடுத்தத நானும் அவளுக்கு எழுதப் போறேன்."

"ரெண்டு பேரும் அவங்கவங்களே சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப நான் சொல்லல." ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "நீயும் சொல்லாதேன்ன, அவளும் சொல்லாதேன்னா. நீ நீட்டும்போது வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்ப, அவள மாட்டி விடணும். பாதிதானேன்னு போட்டுட்டேன்."

"அதுக்கும் இப்ப வர மாட்டேங்கறதுக்கும் என்னப்பா?"

"போன தடவ ஏன் அப்படி ஆச்சுன்னு கேப்பாங்கல்ல. காலைல என்ன போட்டீங்கன்னு கேப்பாங்க. பொய் சொல்ல எனக்கு வராது. நெசத்தச் சொன்னா, ஒருத்தி நர்ஸு, ஒருத்தி டாக்டரு. ரெண்டு பேர் வேலைக்கும் வேட்டு. புண்ணு அதுபாட்டுக்கு ஆறிடும், விடும்மா."

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். வாத்து, இந்த மனுஷர் அந்தப் புண்ணோடு செத்தாலும் சாவாரே தவிர நம் இரண்டு பேரில் ஒருத்தியைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார். நாம் அவரை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

நாளைக் காலை கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன், என் அரை மாத்திரையை மட்டும். உன்னுடையதை எழுதுவதும் எழுதாததும் உன் பாடு. என் வாயிலிருந்து வராது. நானும் அவர் பெண்தான்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள ஹெட்மாஸ்டர் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்த ஷூ லேஸ் இடத்தில் நின்றுவிட்டேன்.

என் புகாருக்கு நாலாவது பக்கம் எழுதி உங்கள் கண்காணிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். முதல் மூன்று பக்கத்தைத் திரும்பப் பெறவில்லை, அது உண்மை. நாலாவதும் உண்மை, அவ்வளவுதான். இங்கே என் தலைமை டாக்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். என் கோப்பில் எழுதி வைப்பார்களாம், மூன்று மாதம் புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாதாம். ஏறிய வேகத்துக்கு இறங்கித்தானே ஆக வேண்டும்.

தேதி குறி. நான் வருகிறேன். உள்ளே வர மாட்டேன், ஒரு யோசனையும் சொல்ல மாட்டேன். அந்த பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காருவதற்கு வருகிறேன்.

வாத்து


ஏப்ரல் 6

அன்புள்ள வாத்து,

எனக்கு ஒரு மெமோ. சட்டம் போட்டு மாட்டவில்லை, டிராயரில் இருக்கிறது.

டாக்டர் முதலில் குதிகுதி என்று குதித்தார். "அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து என் தலைல கட்டப் பாத்தீங்களே!" என்றார். கத்தட்டும் என்று நின்றேன். கத்தி முடித்துத் தண்ணீர் குடித்தார்.

"நான் கேட்டிருந்தா உங்கப்பா சொல்லியிருப்பாரா?"

"சொல்லியிருக்க மாட்டார் டாக்டர்."

"இருந்தாலும் நான் கேக்கல."

உன் தாளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஓரமெல்லாம் பென்சிலால் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்று இடத்தில் உன்னை முட்டாள் என்கிறார், நாலு இடத்தில் சரி என்று போட்டிருக்கிறார், கடைசியில் கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்கு முன்னால் இரண்டு நாள் நின்றேன். எட்டாம் தேதியிலிருந்து தூக்க மருந்துக்கு அனுமதி, இந்த முறைப்படி மட்டும். மூச்சு பார்க்கத் தனி ஆள் கிடையாது என்றார்கள். அப்படியானால் ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேருக்குப் பதில் பதிமூன்று பேர்தான் என்றேன். முறைத்தார்கள். ஆள் வந்துவிட்டது.

படிவத்தில் ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறேன். 'இன்று வீட்டில் உங்களுக்கு யார் யார், என்ன மருந்து கொடுத்தார்கள்?' டாக்டர் பார்த்துவிட்டு, "எதுக்கு யார் யார்? யார்னு போட்டா போதாதா?" என்றார்.

"எங்க வீட்ல பத்தல டாக்டர்" என்றேன்.

அப்பாவுக்கு, போனில் உனக்குச் சொன்னபடி, பதினொன்றாம் தேதி காலை எட்டு மணி. தொப்பி போட்டுக்கொண்டு வருவாராம். அதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

இன்னும் ஊர் வந்து சேரவில்லை. ரயிலில் மடியில் வைத்து எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து ஆடுகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

உன்னிடம் அங்கே சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷமாகக் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறவள் நான். வெளியே உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. உன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று கை வைத்தேன், என் கையும் சேர்ந்து ஆடியது. நாம் ரெண்டு பேரும் உள்ளேயிருந்து வந்த கிளிப் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். பதினொரு நிமிஷம். ஒரு தடவைகூட அது தடிக்கவில்லை. ஃபென்டனில் பாதி, மிடாசோலம் மொத்தமே ஒரு மில்லி. 'போதுமா'வுக்கு அவர் "இன்னும் கொஞ்சம் ஊத்துனாலும் வேணாங்கல" என்றாராமே, உன் தோழி சொன்னாள்.

கண் விழித்ததும் "எந்த ஸ்டாப்பு இது?" என்றாரே. நீ சிரித்தாய். நான் கழிப்பறைக்குப் போனது முகம் கழுவ இல்லை.

அவர் கையால் நிரப்பிய படிவத்தை நீ காட்டினாய். உன் புதுக் கேள்விக்கு நேராக 'ஒருவரும் இல்லை. இருவரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார். அதை ஒரு பிரதி எடுத்து அனுப்பு.

முடிவு வந்ததும் போன் செய்யாதே, எழுது. போன் அடித்தால் எடுக்க எனக்குத் தைரியம் வராது.

வாத்து


ஏப்ரல் 22

அன்புள்ள வாத்து,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், தேடாதே. மற்றது இல்லை. வெறும் புண்தான். ஒரு கிருமி இருக்கிறது, அதற்குப் பதினாலு நாள் மாத்திரை. முடிவுத் தாளை நாலு தடவை படித்தேன். டாக்டர் ஐந்தாவது தடவை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

அப்பாவிடம் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு, "வாத்துக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் பார்த்தால், பெல்ட்டில் தான் போட்ட உள் ஓட்டையைக் கறுப்பு நூலால் தைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். இனி அது தேவைப்படாதாம்.

இன்னொரு விஷயம். நேற்று ஓர் அம்மா வந்தாள், வயசு அறுபத்தெட்டு. படிவத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அந்தக் கேள்வி வந்ததும் கதவைப் பார்த்தாள், பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "மருமக ஒண்ணு குடுத்தா, பயம் தெளியும்னு. பையனும் ஒண்ணு குடுத்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. சொல்லிறாதம்மா" என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன், டாக்டரைத் தவிர. அவர் அவளை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டு, 'யார் யார்' என்பதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். நம் வீட்டுப் பைத்தியக்காரத்தனம் நம் வீட்டோடு முடிந்தது என்று நினைத்தேன், ஊரெல்லாம் இருக்கிறது.

நீ கேட்ட பிரதி உள்ளே இருக்கிறது.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க ஜூன் பதினைந்தாம் தேதி மறுபடி குழாய் விட வேண்டும். இந்தத் தடவை அவரே தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டார், பக்கத்தில் ஒரு பஸ்ஸும் வரைந்திருக்கிறார். நீ முந்தின நாளே வந்துவிடு. காலையில் அவருக்கு நீயும் ஒன்றும் கொடுக்காதே, நானும் கொடுக்க மாட்டேன். லேஸை நாம் கட்டிவிடலாம். பயமாக இருக்கிறது என்றால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவருக்கு ரெண்டு கை இருக்கிறது, ஆளுக்கு ஒன்று.

அக்கா